வீட்டு மரத்தை எப்ப வெட்டணும், எப்ப விட்டுவைக்கணும்: தூரு தொடங்கி கொண்டை வரைக்கும் பாக்குற முழு வழிகாட்டி

போன சித்திரையில ஒரு சாயங்காலம், அரை மணி நேரம் தான் காத்து. எங்க தெரு மதுரை திருப்பரங்குன்றம் பக்கம். எதிர்வீட்டு காம்பவுண்டுல இருந்த மயில்கொன்றை, மரம் பூரா செக்கச்செவேல்னு பூத்து நின்னுச்சு, ஒரு இலை வாடல, அது வேரோட சாஞ்சு ஈபி லைனையும் இழுத்துக்கிட்டு ரெண்டு பைக் மேல விழுந்துருச்சு. எங்க வீட்டு வேம்பு, தண்டுல கை நுழையுற அளவு பொந்து, மூணு வருஷமா தெருவே "அதை வெட்டி விடுங்கண்ணே, என்னைக்காவது தலையில விழும்"னு சொல்லிக்கிட்டிருந்த மரம், அது நாலு சுள்ளிய உதுத்ததோட சரி.

மறுநாள் காலையில விழுந்த மரத்தோட தூரைப் போய்ப் பார்த்தேன். ரோட்டுப் பக்கம் வேரே இல்ல. முந்தின வருஷம் பாதாள சாக்கடைக்கு பள்ளம் தோண்டினப்ப ஜேசிபி அந்தப் பக்கத்து வேரை வரிசையா நறுக்கிட்டுப் போயிருக்கு, மேல பேவர் பிளாக் போட்டு மூடியாச்சு, அதுக்கப்புறம் யாருக்கும் ஞாபகம் இல்ல. வீட்டுப் பக்கம் மிச்சம் இருந்த வேரு கையில பிடிச்சா டீயில ஊறின ரஸ்க் மாதிரி பிஞ்சு வந்துச்சு.

நாம எல்லாரும் பண்ற தப்பு இது தான், இலையைப் பாத்து மரத்தை எடை போடுறது. மரத்துக்கு உசுரு ஓடுறது பட்டைக்கு அடியில இருக்க மெல்லிசு தோல்லயும் அதை ஒட்டின வெளிக்கட்டையிலயும் தான். நடுவுல இருக்கே, வைரம் பாஞ்ச கட்டைனு சொல்றோமே, அது செத்த கட்டை, பாரத்தைத் தாங்குறது மட்டும் தான் அதோட சோலி. அதனால நடு பூரா உளுத்துப்போனாலும் மேல பச்சைப்பசேல்னு தான் இருக்கும். அதே மாதிரி இலையெல்லாம் கருகி செத்த மாதிரி தெரியுற மரம் தூருல கல்லு மாதிரி நிக்கும். உசுரு வேற, பலம் வேற. ரெண்டையும் தனித்தனியா பாக்கணும், எப்படிப் பாக்குறதுன்னு நான் பாக்குற வரிசையிலயே சொல்றேன்.

1. எப்பப் பாக்கணும்

வருஷத்துக்கு ரெண்டு தடவை. மாசி பங்குனியில ஒருக்கா, ஏன்னா நம்ம ஊருல மரம் சாயுறது பெரும்பாலும் சித்திரை வைகாசி கோடை மழைக் காத்துல தான், அப்புறம் ஆடிக்காத்து. ரெண்டாவது தடவை புரட்டாசியில, ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி. மாசியில இன்னொரு வசதி, வேம்பு இலையை உதுத்து மொட்டையா நிக்கும், கொப்பு எங்க பிளந்திருக்கு எங்க காஞ்சிருக்குன்னு எலும்புக்கூடு மாதிரி தெளிவா தெரியும். (அப்ப பாத்துட்டு "மரம் பட்டுப்போச்சு"னு வெட்டிறாதீங்க, உசுரு இருக்கான்னு எப்படிப் பாக்குறதுன்னு கீழ சொல்றேன்.) பெரிய காத்து அடிச்ச மறுநாளும் ஒரு சுத்து சுத்தி வந்துருங்க.

2. விழுந்தா எது மேல விழும்

மரத்தைத் தொடுறதுக்கு முன்னாடி அதோட உயரத்தைக் கண்டுபிடிங்க. வெயில்ல 3 அடி குச்சி ஒண்ணை நேரா நட்டு அதோட நிழலை அளங்க, மரத்தோட நிழலையும் அளங்க. குச்சி நிழல் 2 அடி, மர நிழல் 20 அடின்னா மரம் 30 அடி. இப்ப தூருல இருந்து 30 அடிக்கு ஒரு வட்டம் மனசுல போடுங்க. அந்த வட்டத்துக்குள்ள என்ன இருக்கு? பிள்ளைங்க படுக்குற ரூம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பக்கத்து வீட்டு ஓடு, ஈபி லைன், மாட்டுக்கொட்டம், ஜனங்க நடக்குற ரோடு.

ஒண்ணுமே இல்லையா? அப்ப மரம் செத்தே போயிருந்தாலும் அவசரம் இல்ல. எங்க மாமா தோட்டம் அலங்காநல்லூர் பக்கம், வரப்பு மூலையில ஒரு பட்ட வாகை நிக்குது, அதுல மரங்கொத்தி பொந்து போட்டு இப்ப கிளி குடியிருக்கு, ஆந்தையும் வருது. அதை வெட்டி என்ன ஆகப்போகுது. அதே மரம் வீட்டு மேல சாஞ்சு நின்னா கதை வேற. குறையும் இருக்கணும், விழுற இடத்துல ஆளோ பொருளோ இருக்கணும், ரெண்டும் சேந்தா தான் ஆபத்து.

3. தூரு: அரை மணி நேரம் இங்க தான் செலவழிக்கணும்

சப்பணம் போட்டு உக்காந்துருங்க. மண்ணுக்கு மேல மரம் எப்படி இறங்குதுன்னு பாருங்க. ஒழுங்கான மரம் யானைக்கால் மாதிரி விரிஞ்சு இறங்கும். போஸ்ட் கம்பம் மாதிரி நேரா மண்ணுக்குள்ள போகுதுன்னா யாரோ மண்ணைக் கொட்டி உசத்தியிருக்காங்கன்னு அர்த்தம், வீடு கட்டுறப்ப இடத்தை மேடாக்க இடிசல் கொட்டுறோம்ல, அது. பட்டை மண்ணுக்குள்ள எப்பவும் ஈரத்துல கிடந்து அழுகும், வேருக்கும் காத்து கிடைக்காது. மண்ணை கையால (மம்பட்டியால இல்ல, கையால) ஒரு சாண் விலக்கிப் பாருங்க, பட்டை கறுத்து நொசநொசன்னு இருந்தா சந்தேகப்படுங்க.

நம்ம ஊருல இதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு, மரத்தைச் சுத்தி சிமெண்டு மேடை. வேம்புக்கும் அரசுக்கும் டைல்ஸ் ஒட்டி பீடம் கட்டி விளக்கு வைக்கிறோம், நல்லது தான், ஆனா சிமெண்டை தண்டோட ஒட்டிப் பூசிட்டா உள்ள என்ன நடக்குதுன்னு அந்த சாமிக்குத் தான் தெரியும். கட்டுனா தண்டுல இருந்து ரெண்டு அடியாவது தள்ளி, நடுவுல மண்ணு விட்டுக் கட்டுங்க. தூருல குப்பையைக் கூட்டி எரிக்கிறதும் அப்படித்தான். பட்டை ஒரு பக்கம் வெந்து செத்துரும், வெளிய கரி மட்டும் தெரியும், ரெண்டு வருஷம் கழிச்சு பட்டை கழண்டு விழுறப்ப உள்ள கட்டை உளுத்துக் கிடக்கும்.

அடுத்தது காளான். மழை பேஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு தூரைச் சுத்திப் பாருங்க. மண்ணுல முளைக்கிற நாய்க்குடையைப் பத்தி பயப்பட வேணாம். தண்டுலயோ வேருலயோ ஒட்டிக்கிட்டு, தட்டு மாதிரி, விசிறி மாதிரி, மரக்கட்டை கணக்கா கெட்டியா, மேல வார்னிஷ் அடிச்ச மாதிரி செம்பழுப்பா, ஓரம் மட்டும் வெள்ளையா ஒண்ணு வந்திருந்தா அது கானோடெர்மா. அதைப் பிச்சுப் போட்டா போயிரும்னு நினைக்காதீங்க, வெளிய தெரியுறது காய் மாதிரி, அதோட உடம்பு உள்ள வேரையும் கட்டையையும் எப்பவோ தின்ன ஆரம்பிச்சிருச்சு. வீட்டை ஒட்டின மரத்துல இது தூரைச் சுத்தி ரெண்டு மூணு இடத்துல வந்திருந்தா நான் யோசிக்கவே மாட்டேன், எடுத்துருவேன்.

அப்புறம் வேரு. பெரும்பாலான மரத்துக்கு வேரு ஆழமா போறதுன்னு நினைப்போம், அப்படி இல்ல, முக்கால்வாசி வேரு மேல இருக்க ரெண்டு அடி மண்ணுல தான் பரவியிருக்கும், கொப்பு விரிஞ்ச அளவையும் தாண்டி ஓடும். அதனால பள்ளம் தோண்டுறது தான் பெரிய எமன். ஒரு கணக்கு இருக்கு, தண்டோட விட்டம் எத்தனை இஞ்சோ தண்டுல இருந்து அத்தனை அடி தூரத்துக்கு சுத்தி வேரைத் தொடக்கூடாது. ஒரு அடி, அதாவது 12 இஞ்சு விட்டம்னா, சுத்தி 12 அடி. காம்பவுண்டு அஸ்திவாரம், செப்டிக் டேங்க், போர் பைப்பு, கேபிள், கடைசி அஞ்சு வருஷத்துல யாரு எங்கிட்டு தோண்டினாங்கன்னு வீட்டுல உக்காந்து ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. ஒரே பக்கம் தண்டை ஒட்டி நீளமா தோண்டியிருந்தா மரம் அந்தப் பக்கம் பிடிமானம் இல்லாம நிக்குது.

4. தண்டு: தட்டிப் பாக்குறது

மானாமதுரைப் பானை வாங்குறப்ப தட்டிப் பாக்குறோம்ல, அதே தான். மரச்சுத்தியல், இல்லன்னா அரிவாளைத் திருப்பி பிடி. தூருல இருந்து கை எட்டுற உயரம் வரைக்கும் ஒரு சாணுக்கு ஒரு தட்டு, சுத்தி வாங்க. கெட்டியா இருந்தா "டக் டக்". உள்ள கூடா இருந்தா "தொம் தொம்"னு கேக்கும். சத்தம் மாறுற இடத்துல சாக்பீஸ்ல கோடு போட்டுக்கிட்டே வந்தீங்கன்னா பொந்து எதுல இருந்து எது வரைக்கும்னு ஒரு படமே கிடைச்சிரும்.

பொந்து இருந்தாலே வெட்டணும்னு இல்ல. மூங்கிலும் உள்ள கூடு தான், நிக்கலையா. எம்புட்டு சுவரு மிச்சம் இருக்குங்கிறது தான் கேள்வி. பொந்து வாய் திறந்திருந்தா சைக்கிள் போக்ஸ் கம்பியை உள்ள விட்டு உளுத்த கட்டை எங்க முடிஞ்சு நல்ல கட்டை எங்க தொடங்குதுன்னு குத்திப் பாக்கலாம். கணக்கு என்னன்னா, விட்டம் 6 இஞ்சுக்கு 1 இஞ்சு வீதம் நல்ல கட்டை சுத்தி இருக்கணும். எங்க வேம்பை கயிறு போட்டு அளந்தேன், சுத்தளவு 6 அடி, அதாவது 72 இஞ்சு, 3.14ஆல வகுத்தா விட்டம் 23 இஞ்சு, அப்ப 4 இஞ்சு சுவரு வேணும். கம்பி விட்டுப் பாத்தப்ப குறைஞ்ச இடத்துல 6 இஞ்சு இருந்துச்சு. அன்னைக்கே வெட்டுற பேச்சை நிறுத்திட்டேன், அம்மா தான் இன்னும் நம்பல. ஒண்ணு மட்டும், பொந்தோட வாய் பெருசா, சுத்தளவுல மூணுல ஒரு பங்குக்கு மேல திறந்து கிடந்தா இந்தக் கணக்கை நம்பாதீங்க, திறந்த குழாய் மூடின குழாய் மாதிரி தாங்காது.

பொந்துல சிமெண்டு கொழைச்சு அடைக்கிறதை தயவுசெஞ்சு விட்டுருங்க. மரம் காத்துல ஆடும், சிமெண்டு ஆடாது, நடுவுல தண்ணி இறங்கி இன்னும் வெரசா அழுகும்.

தண்டுல மேலிருந்து கீழ வெடிப்பு ஓடுதா பாருங்க. பழைய வெடிப்பு ரெண்டு பக்கமும் உதடு மாதிரி தடிச்சு மூடிக்கிட்டிருந்தா மரம் தானா வைத்தியம் பாத்துக்கிருக்கு. புது வெடிப்பு, உள்ள வெள்ளைக் கட்டை தெரியுது, காத்துல ரெண்டு பக்கமும் தனித்தனியா அசையுதுன்னா அடியில யாரையும் நிக்க விடாதீங்க, அன்னைக்கே ஆளைக் கூப்பிடுங்க.

கரையான் பத்தி நிறைய பேரு பயப்படுறாங்க. பட்டை மேல மண்ணு பூசின மாதிரி ஏறியிருக்கிறது பெரும்பாலும் செத்த பட்டையைத் தின்னுக்கிருக்கும், விளக்குமாத்தால தட்டி விட்டா போதும். பொந்துக்குள்ள இருந்து வருதுன்னா தான் மேல சொன்ன மாதிரி தட்டிப் பாக்கணும். மாமரத்துல ஓட்டை போட்டு கீழ மரத்தூள் கொட்டியிருந்தா அது தண்டு துளைப்பான் புழு, அதை விடவே கூடாது, ஆரம்பத்துலயே கம்பி விட்டுக் குத்தி எடுத்துறணும்.

5. சாய்வு

பிறந்ததுல இருந்தே சாஞ்சு வளந்த மரம் வேற, நேத்து சாஞ்ச மரம் வேற. வெளிச்சத்தைத் தேடி சாஞ்ச மரம் மேல போகப்போக நுனி வளைஞ்சு வானத்தைப் பாத்து நிமிந்திருக்கும், சாஞ்சதுக்கு ஏத்த மாதிரி வேரையும் கட்டையையும் பலமாக்கிக்கிட்டே வந்திருக்கும். அடியில இருந்து நுனி வரைக்கும் கோடு போட்ட மாதிரி ஒரே சாய்வுன்னா சமீபத்துல சாஞ்சது. சாஞ்ச பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போயி மண்ணைப் பாருங்க, வெடிச்சிருக்கா, தோசை ஓரம் தூக்குற மாதிரி தூக்கியிருக்கா. இருந்தா வேரு பிடுங்கிக்கிருக்கு, இதுக்கு மருந்து கிடையாது.

சந்தேகமா இருந்தா கொத்தனாருகிட்ட தூக்குக்குண்டு வாங்குங்க. தண்டுல ஆள் உயரத்துக்கு மேல ஒரு இடத்துல சாஞ்ச பக்கமா நூலைக் கட்டித் தொங்க விட்டு, குண்டு தரையைத் தொடுற இடத்துக்கும் தூருக்கும் எத்தனை இஞ்சுன்னு அளந்து தேதியோட எழுதி வைங்க. மாசம் ஒருக்கா அதே இடம், அதே நூலு. இஞ்சு கூடிக்கிட்டே போனா வெட்டுங்க. நிலையா இருந்தா விட்டுருங்க.

6. கவட்டையும் கொப்பும்

கவட்டை கும்பாவோட அடி மாதிரி விரிஞ்சிருந்தா பலம். ரெண்டு தண்டும் நெருக்கி, நடுவுல பட்டை உள்ள மடிஞ்சு போயிருந்தா அந்த இடத்துல கட்டையும் கட்டையும் ஒட்டவே இல்லன்னு அர்த்தம், ரெண்டு பேரு முதுகோட முதுகு சாஞ்சு நிக்கிற மாதிரி தான். மழைத்தண்ணி உள்ள நின்னு ஒருநாள் பாதி மரம் பிளந்து விழும். தூங்குமூஞ்சி, மயில்கொன்றை, முருங்கை மூணும் சட்டுன்னு முறியுற ஜாதி. முருங்கைக் கொப்பை நம்பி ஏணி சாத்தாதீங்க, அதைச் சொல்லித் தான் நம்ம வீட்டுல வளக்குறாங்க.

7. செத்துருச்சா, தூங்குதா

பென்சில் கனத்துக்கு ஒரு சுள்ளிய நகத்தால சுரண்டுங்க. பட்டைக்குக் கீழ பச்சையா ஈரமா இருந்தா உசுரு இருக்கு. பழுப்பா காஞ்சு, வளைச்சா படக்குனு ஒடிஞ்சா அந்தச் சுள்ளி செத்துருச்சு. ஒண்ணோட நிறுத்தாம நாலு திசையிலயும் பாருங்க, கொஞ்சம் பெரிய கொப்புலயும் பாருங்க. கொண்டையில பாதிக்கு மேல செத்திருந்தா மரம் திரும்புறது கஷ்டம்.

இப்ப வேம்பு. சில வருஷமா ஆவணி புரட்டாசிக்கு மேல, மழை ஈரம் இறங்கினதும், நுனிக் கொப்பெல்லாம் தீயில காட்டின மாதிரி கருகுது, தமிழ்நாடு பூரா இருக்கு. ஃபோமோப்சிஸ்ங்கிற பூஞ்சாணமும் தேயிலைக் கொசுன்னு ஒரு சாறு உறிஞ்சுற பூச்சியும் சேந்து பண்ற வேலை. பாக்க பயமா இருக்கும், ஆனா வளந்த மரம் பெரும்பாலும் வெயில் ஏறினதும் பங்குனி சித்திரையில திரும்பத் தளிர்த்துரும். இதைப் பாத்துட்டு ஆளைக் கூட்டி வெட்டினவங்க எங்க ஏரியாவுலயே நாலு வீடு. ஒரு வருஷம் பொறுங்க, கருகின நுனியை மட்டும் நறுக்கி எரிச்சிருங்க. இலை, கொப்போட ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்கு கொண்டுபோய்க் காட்டலாம், யானைமலைக்கு அடியில 1965ல இருந்து இருக்கு, அங்க பூச்சிக்கும் நோய்க்கும் தனித்தனித் துறை உண்டு.

குப்பை விழுது, கம்பளிப்பூச்சி வருது, வௌவால் தங்குது, பிசின் வடியுது, இதெல்லாம் வெட்டுறதுக்குக் காரணமே இல்ல. மாவுலயும் வேம்புலயும் புல்லுருவி ஒட்டியிருந்தா அது ஒட்டின கொப்போட சேத்துக் கழிச்சு விட்டா போதும்.

8. தென்னை தனி

தென்னைக்கு மேல சொன்ன பாதி விதி செல்லாது. வளைஞ்சு நிக்கிறது அதுக்கு இயல்பு. பட்டைக்கு அடியில வளர்ற தோலு அதுக்குக் கிடையாது, அதனால காயம் பட்டா ஆறவே ஆறாது, ஏறுறதுக்குப் படி வெட்டின தழும்பு கடைசி வரைக்கும் அப்படியே தான். குருத்து ஒண்ணே ஒண்ணு. அது அழுகி, இழுத்தா கையோட வந்துட்டா, உள்ள குருத்து வரைக்கும் போயிருச்சுன்னா, மரம் முடிஞ்சுது. இடி விழுந்த மரமும் அப்படித்தான் போகும்.

தண்டோட அடியில செம்பழுப்பா சாறு வடிஞ்சு, அடி மட்டை மஞ்சளாகி தொங்கி, குரும்பை கொட்டினா தஞ்சாவூர் வாடல் நோயைச் சந்தேகப்படுங்க. 1952 புயலுக்கு அப்புறம் தஞ்சாவூர்ப் பக்கம் கண்டுபிடிச்சதால அந்தப் பேரு, அதுவும் கானோடெர்மா தான், மண்ணு வழியா அடுத்த மரத்துக்குப் போகும். சோழவந்தான் பக்கம் தோப்பு வச்சிருக்கவங்களுக்கு இது தெரியும். ஆரம்பத்துல வருஷம் மரத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, நோய்ப் பூஞ்சாணத்தை அடக்குற டிரைக்கோடெர்மா விரிடிங்கிற நல்ல பூஞ்சாணம், மரத்தைச் சுத்தி 2 அடி ஆழத்துக்கு காண் வெட்டிப் பிரிக்கிறதுன்னு பாப்பாங்க. முத்திப்போனதை தூரோட தோண்டி எரிச்சிறணும்.

தண்டுல ஓட்டை, அதுல மென்னு துப்பின நார், காதை வச்சா கரகரன்னு சத்தம், இது சிவப்புக் கூன்வண்டு. உள்ள பூரா தின்னு முடிச்சு ஒருநாள் கொண்டை அப்படியே சாயும். வீட்டு வாசல்ல இருந்தா எடுத்துருங்க.

9. சுவருல வெடிப்பு வந்தா மரத்து மேல பழி

எல்லா வெடிப்புக்கும் மரம் காரணம் இல்ல. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் கரிசல், வெயில்ல சுருங்கும் மழையில உப்பும், மரமே இல்லாத வீட்டுலயும் வெடிக்கும். மரம் பக்கத்துல இருந்தா தண்ணியை உறிஞ்சி அந்தச் சுருக்கத்தைக் கூட்டும், அது நெசம். வெடிப்புக்குக் குறுக்க பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி ஒரு வருஷம் பாருங்க, கோடையில விரிஞ்சு மழையில மூடினா மண்ணோட சேட்டை. கரிசல்ல பெரிய மரத்தைச் சட்டுன்னு எடுத்தா அது குடிச்ச தண்ணியெல்லாம் மண்ணுல தங்கி தரை உப்புறதும் நடக்கும், அதனால இஞ்சினியர் ஒருத்தரைக் கேக்காம கை வைக்காதீங்க. பைப்புக்குள்ள வேரு போறதும் ஏற்கனவே ஒழுகுற ஜாயிண்டு வழியா தான், நல்ல பைப்பை வேரு உடைக்கிறது அபூர்வம்.

விதிவிலக்கு அரசும் ஆலும். காக்கா எச்சத்துல விதை விழுந்து மொட்டை மாடி ஓரத்துல, சன்ஷேடுல முளைக்கும். ரெண்டு இலை விடுறப்பவே பிடுங்குங்க. அரசைப் பிடுங்கக்கூடாதுன்னு வீட்டுல பெரியவங்க சொன்னா வேரோட பைய எடுத்து கண்மாய்க்கரையில நட்டு விடுங்க, அவங்களுக்கும் நிம்மதி, சுவருக்கும் நிம்மதி.

10. வெட்டாம தப்பிக்க வழி இருக்கா

பாதி நேரம் இருக்கு. குறை கொப்புல மட்டும்னா கொப்பைக் கழிச்சா போதும். ஒரே தடவையில பச்சைக் கொண்டையில கால் பங்குக்கு மேல எடுக்காதீங்க. பெரிய கொப்புன்னா மொதல்ல அடியில கொஞ்சம் அறுத்துட்டு, கொஞ்சம் தள்ளி மேலிருந்து அறுத்து பாரத்தை இறக்கிட்டு, கடைசியா மிச்ச முளையைக் கவட்டைத் தடிப்புக்கு வெளிய அறுக்கணும், இல்லன்னா கொப்பு முறியுறப்ப தண்டுப் பட்டையைப் பந்தத்துக்கு உரிக்கிற மாதிரி உரிச்சுக்கிட்டு வரும்.

நம்ம ஆளுங்களுக்கு மொட்டையடிச்சா தான் திருப்தி. மொட்டையடிச்ச இடத்துல கொத்தா வர்ற கொழுந்துக் கொப்பு மேல்தோல்ல மட்டும் ஒட்டியிருக்கும், வெட்டின வாய் வழியா உளுப்பு இறங்கும், அஞ்சாறு வருஷத்துல முன்னைவிட ஆபத்தான மரமா நிக்கும். ஈபி லைன்ல உரசுற கொப்பை நீங்களே அரிவாளோட ஏறி வெட்டாதீங்க, மின்வாரியத்தோட மின்னகம் 94987 94987க்கு கூப்பிட்டுச் சொன்னா லைனை நிறுத்திட்டு வந்து வெட்டுவாங்க. ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா கூப்பிட வேண்டியிருக்கும், கூப்பிடுங்க.

11. யாருகிட்ட கேக்கணும்

உங்க பட்டா இடத்துல இருக்க வேம்பு, மா, முருங்கை உங்க மரம். ஆனா பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021ல அரசு சொல்லிருச்சு. சந்தனம் உங்க கொல்லையில தானா முளைச்சிருந்தாலும் வனத்துறை வழியா தான். கொடைக்கானல்ல இடம் வாங்கிப் போட்டிருக்கவங்க, அங்க 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, சொந்த மரமா இருந்தாலும் கேக்காம வெட்டினா கேஸ் தான். உங்க கேட்டுக்கு வெளிய, ரோட்டோரம் நிக்கிறது நீங்களே நட்டு தண்ணி ஊத்தி வளத்திருந்தாலும் உங்க மரம் இல்ல, கலெக்டர் தலைமையில இருக்க மாவட்ட பசுமைக் குழு வழியா தான் போகணும். மனு குடுக்குறப்ப தூரு, வெடிப்பு, காளான் போட்டோவும் தூக்குக்குண்டு அளவும் சேத்து வைங்க. "மரம் ஆபத்தா இருக்கு"னு வெறுமனே எழுதுறதைவிட அது பேசும்.

பக்கத்து வீட்டு மேல சாயுற மரம்னா மொதல்ல அங்க போயி உக்காந்து பேசுங்க. "அண்ணே, வாங்க, ஒருக்கா சேந்து தட்டிப் பாப்போம்"னு கூப்பிட்டு அவரையே "தொம் தொம்" கேக்க வைங்க. சண்டை வராது.

12. வெட்டுற அன்னைக்கு

பொந்துல கிளி, அணில், மேல தேன்கூடு இருக்கான்னு பாத்துக்கங்க. கிளி வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வருது, குஞ்சு பறக்குற வரைக்கும் பொறுக்கிறது தான் நியாயம், இன்னைக்கோ நாளைக்கோ விழுற மரம்னா வனத்துறைக்கு ஒரு போன். ஆள் பிடிக்கிறப்ப கேக்க வேண்டியது: வடம் இருக்கா, மேல இருந்து துண்டு துண்டா கயிறு கட்டி இறக்குவீங்களா, இல்ல தூருல அறுத்து மொத்தமா சாய்ப்பீங்களா. வீட்டு நடுவுல இருக்க மரத்தை மொத்தமா சாய்க்கிறேன்னு சொல்றவங்களை டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருங்க. கட்டை யாருக்கு, கூலி தனியா கட்டையில கழிச்சா, பக்கத்து வீட்டு ஷீட் உடைஞ்சா யாரு பாத்துக்கிறது, இதை வாட்ஸ்அப்லயாவது எழுதி வாங்கிருங்க. எதிர்வீட்டுல விழுந்த மரத்தை அறுக்குறப்ப காம்பவுண்டு கேட்டு நசுங்கிருச்சு, "அது ஏற்கனவே அப்படித்தான இருந்துச்சு"னு வெட்டினவங்க சொல்லிட்டுப் போயிட்டாங்க. காத்து இருக்கிற அன்னைக்கும் மழை பேஞ்ச மறுநாளும் வேணாம், பட்டை வழுக்கும்.

13. தூரை என்ன பண்றது

தென்னந்தூரை அப்படியே விட்டா வண்டு முட்டை போட்டு மத்த மரத்துக்கு வரும், எடுத்துருங்க. காளான் வந்த மரத்தோட தூரையும் எடுக்கணும், அதே குழியில உடனே இன்னொரு மரம் வைக்காதீங்க, பத்தடி தள்ளி வைங்க. சீமைக்கருவேலத்தை மேலாக்க வெட்டினா அடுத்த மழைக்கு நாலா கிளம்பும். 2017ல மதுரைக் கிளை ஐகோர்ட்டு அகற்றச் சொன்னப்ப ஊரூரா வெட்டினோம், தூரை விட்ட இடத்துல எல்லாம் திரும்ப நிக்குது பாருங்க. ஜேசிபி வச்சு வேரோட எடுத்தா தான் உண்டு. வேம்பு, வாகை, புங்கைன்னு நோயில்லாத தூரு வழியில இடிக்கலன்னா கிடக்கட்டும், உக்கி மண்ணாகும், நாலு வருஷம் உக்காந்து பேசவும் ஆகும்.

எங்க வேம்புக்கு தூக்குக்குண்டு அளவு போன பங்குனியில 14 இஞ்சு, இந்த ஐப்பசி மழைக்கு அப்புறம் அளந்தப்பவும் 14. பொந்துக்குள்ள இப்ப ஒரு மைனா ஜோடி வந்து போகுது.